புவனா ஈட்டி எறியப் போன நாட்கள்

ஓகஸ்ட் 9, ஞாயிறு

கச்சான் காற்று இன்றும் விடவில்லை. குசினிக் கூரையில் ஒரு தகரம் கிளம்பிவிட்டது. மேலே இரண்டு கல் வைத்தேன். வயலில் கதிர் பழுத்துவிட்டது. வெட்டு மெசின்காரன் வியாழன் என்கிறான். அவனுடைய வியாழன் எந்த வியாழனோ.

புவனா போய்ச் சேர்ந்துவிட்டாள். காலை பத்தரைக்குச் செய்தி. "வந்திட்டம். நல்ல குளிர். தோள் பரவாயில்லை." இவ்வளவுதான். எத்தனை தரம் வாசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

எத்தனையோ நாடுகள் சேர்ந்து நடத்துகிற பெரிய விளையாட்டு விழா. எங்கள் நாட்டில் இருந்து போனவர்கள் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் ஒட்டுசுட்டானில் இருந்து ஒருத்தி, என் மனைவி. ஈட்டி எறிதல்.

எந்த நாடு என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கொப்பி உரக் கணக்குக்கும் தண்ணீர் முறைக்கும் வைத்திருப்பது. யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும். அண்ணாவையும் இனி 'அ.' என்றே எழுதுவேன். அ. அந்த நாட்டில்தான் பதினைந்து வருடமாக இருக்கிறார். புவனாவின் பயணப் படிவத்தில் 'அந்த நாட்டில் உறவினர் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியது நான். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

ஓகஸ்ட் 10, திங்கள்

வெயில். மகள் துளசி பாலர் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அழுகை. வசந்தி அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனார். புவனாவின் தமக்கை. பக்கத்துக் காணி. அவர் இல்லாவிட்டால் இந்த வாரம் என் பாடு அவ்வளவுதான்.

செய்ய:
- மெசின்காரனுக்கு மீண்டும் கோல்
- சாக்கு நாற்பது
- துளசிக்கு இருமல் மருந்து
- தகரத்துக்கு ஆணி

கடையில் சீனி வாங்க நின்றபோது உள்ளே இரண்டு பேர் கதைத்தார்கள். நான் நின்றதைக் கவனிக்கவில்லை. "போனவள் வருவாளே? அந்தாளின்ர தமையன் அங்கதானே." ஊருக்கே தெரியும். படிவத்துக்கு மட்டும்தான் தெரியாது. சீனி வாங்காமல் வந்துவிட்டேன். தேத்தண்ணீர் கருப்பட்டியோடு.

மாலை ஐந்துக்கு புவனா கோல் எடுத்தாள். படம் தெளிவில்லை. அறையில் இன்னொரு பெண், சமிலா. வேகநடைக்காரி, சிங்களம். கை காட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி முகம். சாப்பாட்டுக் கூடத்தில் எந்த நாட்டுச் சாப்பாடும் இருக்கிறதாம், சோறு மட்டும் வேகவில்லையாம். பயிற்சிக்குப் போன இடத்தில் மற்ற ஈட்டிக்காரிகளைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் தன்னைவிட ஒரு முழம் உயரம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

புவனாவின் தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களோடு கதைக்கும்போது எங்கள் தமிழ்தான் கதைப்பாள். நன்றாகப் பயந்தால் மட்டும் அவளுடைய வீட்டுத் தமிழ் வரும். துளசி பிறந்த அன்று கேட்டேன், அதற்குப் பிறகு இன்றைக்கு.

எறிவதற்குப் பயமா, மற்றதற்கா என்று கேட்கவில்லை. சமிலா பக்கத்தில் இருந்தாள்.

ஓகஸ்ட் 11, செவ்வாய்

மெசின்காரன் வியாழன் உறுதி என்கிறான்.

அ. எடுத்தார். மத்தியானம், நான் சாப்பிடும்போது. கிழமைக்கு மூன்று தரம் எடுக்கிறார் இப்போது. நான் புவனாவைக் கலியாணம் செய்தபோது நாலு வருடம் கதைக்காமல் இருந்த மனிதன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம் மலைநாட்டுப் பெண் எடுப்பதா என்று. இப்போது அவளுக்கு விசா கிடைத்ததும் பாசம்.

திட்டம் அவருடையது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. அது முடிந்ததும் மைதானத்தின் பின்வாசல் கேற்றடிக்கு அவள் வரவேண்டும், அவர் காரோடு நிற்பார். வக்கீல் பார்த்து வைத்திருக்கிறாராம். இரண்டு மூன்று வருடத்தில் நானும் துளசியும் போகலாமாம். "நீ அழுத்திச் சொல்லு. உன்ர சொல்லைத்தான் கேப்பாள். இதை விட்டா வேற வழி வராது கண்டியோ."

நான் ஓம் என்றேன். மே மாதமும் ஓம் என்றேன். புவனா ஓம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை. கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது கடைசியாகக் கேட்டேன். முதலில் எறியவிடுங்கோ என்றாள்.

பயங்கள், எழுதினால் குறையும் என்று நினைத்து:
அவள் வராமல் விடுவது.
அவள் வருவது. வந்து, வயலும் வெயிலும் நானும்தான் என்று பத்து வருடம் கழித்து என்னைப் பார்ப்பது.
பிடிபடுவது.
துளசி "அம்மா எப்ப?" என்று கேட்பது. இன்று ஆறு தரம்.

குறையவில்லை.

ஓகஸ்ட் 12, புதன்

சமிலா ஓடிவிட்டாள்.

வசந்தி அக்காதான் செய்தியைத் தொலைபேசியில் காட்டினார். எங்கள் நாட்டு வீராங்கனை ஒருவரைக் காணவில்லை, அறையில் பெட்டி இருக்கிறது, ஆள் இல்லை. படம் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை எனக்குக் கை காட்டிய அதே முகம்.

புவனாவுக்கு எடுத்தேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. பத்துத் தரம். பிறகு அடிக்கவும் இல்லை.

பின்னேரம் மூன்றரை. வசந்தி அக்கா வேலியால் எட்டிச் சொன்னார். "தம்பி, யாரோ ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. உங்க பேரத்தான் கேக்கிறாங்க."

சீருடை இல்லை, சேட்டும் நீளக் களுசானும். ஒரு மோட்டார் சைக்கிள். எங்கே இருந்து வருகிறார்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கதிரை போட்டேன், இருந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். ஒருவன் குடித்துக்கொண்டே வீட்டுக்குள் பார்த்தான். கேள்விகள் அமைதியாக வந்தன. மனைவி கடைசியாக எப்போது கதைத்தார்? கூட இருந்த பெண்ணைத் தெரியுமா? அந்த நாட்டில் உறவினர்?

இல்லை என்றேன்.

மற்றவன் சிறு கொப்பியில் எழுதினான். நான் எழுதும் கொப்பி மாதிரியே. உள்ளே மேசையில் இது விரித்தபடி கிடந்தது. போகும் வரைக்கும் அந்த யோசனைதான். எழும்பும்போது துளசியின் தலையைத் தடவி, "அம்மா வருவாவா?" என்று கேட்டான். துளசி ஓம் என்று பலமாகத் தலையாட்டினாள்.

2009இல், போர் முடிந்தபோது, எனக்குப் பதினாறு வயது. முகாமில் வரிசையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட நாட்களுக்குப் பிறகு இப்படி இருந்து பதில் சொன்னது இன்றுதான். அவர்கள் போனபின் அவர்கள் இருந்த கதிரைகளைக் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார்.

இந்தக் கொப்பி இனி விதைநெல் மூட்டைக்குள்.

ஓகஸ்ட் 13, வியாழன்

மெசின் வந்தது. ஏழுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்தான். எல்லாரும் நல்ல விளைச்சல் என்றார்கள். எத்தனை மூட்டை என்று யாரோ கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எண்ணவே இல்லை.

புவனாவிடம் இருந்து ஒன்றும் இல்லை.

மத்தியானம் பன்னிரண்டு தாண்டி அழைப்பு. தெரியாத இலக்கம், வெளிநாடு. பெண் குரல், தமிழ். குழுவோடு போயிருக்கும் பிசியோவாம், தசைப்பிடிப்புப் பார்க்கிறவர். திருகோணமலைப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணா, மனேஜர் மிஸ் பக்கத்தில இருக்கிறா. அவவுக்காகத்தான் கேக்கிறன். ஒரு கேள்விதான். இந்த நாட்டில உங்கட சொந்தக்காரர் ஆரும் இருக்கினமா?"

"இல்லை."

அங்கே யாரோ சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள்.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ அண்ணா?"

"ஓம்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

புவனா எங்கே, சுகமா, எறிவாளா, ஒன்றும் கேட்கவில்லை நான். வரப்பில் இருந்தேன். வடிவாக யோசித்தா என்று ஏன் கேட்டார்? இருக்கிறார் என்று தெரியாவிட்டால் அப்படிக் கேட்பார்களா? நேற்று அந்த இரண்டு பேருக்குச் சொன்ன பொய். இன்று இது. படிவத்தில் அவளுடைய கையெழுத்து. நான் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் அங்கே அவளுடைய தலையில் இறங்குகிறது. உண்மையைச் சொன்னால் போட்டிக்கு விடமாட்டார்கள், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சொல்லாவிட்டால், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்?

முக்கால் மணி நேரம் அப்படியே. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குப் போனேன். அங்கேதான் சிக்னல் அறாது. அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். மூன்றாம் தரம் எடுத்தார்.

"நான் புவனாவின்ர மனுசன். முதல் சொன்னது பொய். என்ர கூடப் பிறந்த அண்ணா அங்க இருக்கிறார். படிவத்தில இல்லை எண்டு எழுதினது நான்தான், அவா இல்லை."

"அவர் புவனாவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டு கதை ஏதும் இருந்ததோ?"

எதிரே குளத்தில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் இழுத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம். அண்ணா கேட்டவர். நானும் ஓம் எண்டனான். அவா ஒருக்காலும் ஓம் எண்டு சொல்லேல்லை."

அங்கே நீளமாகச் சிங்களத்தில் கதைத்தார்கள். எனக்கு 'அண்ணா' என்பது மட்டும் விளங்கியது. பிறகு பிசியோ, "சரி அண்ணா, வையுங்கோ" என்றார். வேறொன்றும் இல்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். பதினொரு வருடமாக அவள் எறிந்தது எல்லாவற்றையும் ஒரு கோலில் நான் முடித்துவிட்டேனோ.

ஓகஸ்ட் 14, வெள்ளி

நெல் காயப் போட்டோம். காற்று உதவி.

இன்று தகுதிச் சுற்று, எங்கள் நேரம் மத்தியானம் இரண்டரை. தொலைக்காட்சியில் இதெல்லாம் காட்டமாட்டார்கள். பெறுபேறு போடும் பக்கம் ஒன்று உண்டு, அதைப் பார்த்துக்கொண்டு குளக்கட்டில். வசந்தி அக்காவும் துளசியும் வந்தார்கள்.

எறிபவர்களின் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே பார்த்தேன். அவள் பெயர் இல்லை. அக்கா போனை வாங்கிப் பார்த்து, இது முதல் பிரிவு தம்பி, இன்னும் ஒண்ணு இருக்கு என்றார். இரண்டாம் பிரிவில் ஏழாவது பெயர். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழையோடு. இருந்தது. அப்படியென்றால் அனுப்பிவிடவில்லை.

முதல் எறி 49.80. இரண்டாவது பவுல், கணக்கில் இல்லை. மூன்றாவது வர நேரமெடுத்தது, பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. 54.31.

பன்னிரண்டு பேர் இறுதிக்கு. புவனா பதினொன்று.

அக்கா அழுதார். துளசி ஏன் அழுகிறார் என்று கேட்டு அவளும் அழுதாள். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க முடியவில்லை. இறுதிப் போட்டி என்றால் பின்கேற்று. அ.வுக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று பயம். சொல்லாவிட்டால் அவர் அங்கே வந்து நின்று பிடிபடுவாரோ என்று பயம்.

சொல்லவில்லை.

ஓகஸ்ட் 15, சனி

நெல் கிண்டுவது, சாக்குத் தைப்பது. கோணி ஊசி விரலில் ஏறிவிட்டது.

இறுதிப் போட்டி பின்னேரம் ஆறரைக்கு. குளக்கட்டில் நான் மட்டும். துளசிக்குக் காய்ச்சல், அக்காவோடு விட்டேன்.

முதலாவது 52.66. இரண்டாவது 56.08.

56.08! அவளுடைய வாழ்நாளில் ஒருபோதும் எறியாத தூரம். பட்டியலில் ஆறாம் இடம். குளக்கட்டில் வேறு யாரும் இல்லை. நான் எழும்பி நின்றேன், பிறகு இருந்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். ஏழு, எட்டு, பத்து. மூன்றாவது எறி பவுல். முதல் எட்டுப் பேருக்குத்தான் மேலும் எறிய இடம். முடிந்தது. பத்தாம் இடம்.

ஏழே முக்காலுக்கு அ.விடம் இருந்து செய்தி: "கேற்றடியில நிக்கிறன்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தேன். துளசிக்குக் கஞ்சி. சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. போ என்றா, வா என்றா. ஒன்றும் கேட்காமல் விளக்கை மட்டும் ஏற்றினேன்.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

துளசிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்டலி கேட்டாள். இட்டலிக்கு எங்கே போவேன். புட்டு.

காலை முழுவதும் போனைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே.

பதினொன்றரைக்கு அ.விடம் இருந்து ஒரு செய்தி. "இனி எனக்கு எடுக்காதை. உங்களுக்கெண்டு கதவைத் திறந்துவிட்டன், நீங்களே அடிச்சுச் சாத்திப்போட்டியள்." அதை வாசித்துத்தான் தெரிந்தது, அவள் போகவில்லை. சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் கூடவே ஏதோ ஒன்று, பெரிய பாரத்தை இறக்கியபின் கை தானாக மேலே போகுமே, அப்படி. பிறகு இனி அவ்வளவுதானா என்ற எண்ணம். அதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

ஒரு மணிக்கு புவனா, பிசியோவின் போனில். அவளுடைய போனை வாங்கி வைத்துவிட்டார்களாம், ஐந்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள்.

சமிலா போன அன்று காலை ஆறு மணிக்கு இவளை ஓர் அறையில் இருத்தி மூன்று மணி நேரம் விசாரித்தார்களாம். அப்போதே அ. பற்றித் தானாகவே சொல்லிவிட்டாளாம். படிவத்தில் எழுதியது பொய் என்றும்.

"பிறகுதான் உங்களுக்கு எடுத்தவை, நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்க. முதல்ல இல்லை எண்டனீங்களாம். புருசன் மறைக்கிறார், அப்ப திட்டம் இன்னும் இருக்கு எண்டு சொல்லி என்னைப் பெட்டி அடுக்கச் சொல்லிட்டினம். அடுக்கிப் பூட்டிப்போட்டன். அப்பதான் நீங்கள் திருப்பி எடுத்தனீங்கள். ரெண்டு பேரின்ர கதையும் ஒத்துவந்ததால எறிய விட்டவை."

முக்கால் மணி நேரம். நான் வரப்பில் இருந்த முக்கால் மணி நேரமும் அவள் அங்கே பெட்டியின் மேல் இருந்திருக்கிறாள்.

56.08 நல்ல எறி என்று மட்டும் சொன்னேன். பார்த்தீங்களோ என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். துளசியிடம் கொடுத்தேன். துளசி பூனைக் கதை சொல்லி மிச்ச நேரத்தை முடித்துவிட்டாள்.

ஓகஸ்ட் 17, திங்கள்

நெல் ஏற்றியாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி வேலிக்குப் போகிறேன். இன்று மூன்று தரம். ஒன்று மீன்காரன். ஒன்று தபால். மூன்றாவது யார் என்று தெரியாது, நிற்காமல் போனது.

செய்தியில் இன்னும் இரண்டு பேரைக் காணவில்லையாம். மற்றவர்கள் இன்று இரவு புறப்படுகிறார்கள்.

ஓகஸ்ட் 19, புதன்

மாங்குளம் சந்தியில் காலை ஏழில் இருந்து நானும் துளசியும். கொழும்பு பஸ் எட்டரைக்கு வந்தது. முதலில் பை, பிறகு புவனா. தோளில் தடித்த பட்டி. மெலிந்துவிட்டாள். துளசி ஓடிப் போகவில்லை, என் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு போனாள்.

விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்களாம். படிவத்துக்காக இன்னொரு விசாரணை வருமாம், என்னையும் கூப்பிடுவார்கள். அடுத்த முறை தேசியக் குழுவில் எடுப்பார்களா தெரியாது. இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

ஓட்டோவில் துளசி மடியில் நித்திரை. ஒட்டுசுட்டான் சந்தி தாண்டியது. பிறகு அவளாகவே கேட்டாள்.

"நான் வரமாட்டன் எண்டு பயந்தனீங்களோ?"

"ஓம்."

"நானும் பயந்தனான்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்டைக்கு உங்கட அண்ணா பின்கேற்றடியில நிண்டவர். எனக்கெண்டு ஒரு குளிர்ச்சட்டை கொண்டுவந்து கையில வைச்சிருந்தவர். கார்க் கதவு திறந்து கிடந்தது. பிசியோ அக்கா கை கழுவப் போயிட்டா, என்னோட ஒருத்தரும் இல்லை. நான் அவரிட்டப் போனனான். பத்துப் பதினைஞ்சு அடி."

ஓட்டோக்காரருக்குக் கேட்குமோ என்று பார்த்தேன். கேட்டிருக்காது.

"பிறகு?"

"அங்கால எங்கட பஸ்ஸடியில மனேஜர் மிஸ் எல்லாற்ற பேரும் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவ. என்ர பேர் வந்தது. வாய் தன்பாட்டில ஓம் எண்டிட்டுது."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். இன்னொருவருடைய பெயரை முதலில் கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று தனக்கே தெரியாதாம். நாலு நாளாக அதையே யோசிக்கிறாளாம்.

வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. துளசியை என்னிடம் தந்துவிட்டு இறங்கினாள். வேலிப் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள். வெளிவிறாந்தையில் கதிரையில் இரண்டு பேர். வசந்தி அக்கா தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார்.

நான் நின்றுவிட்டேன். புவனா நிற்கவில்லை. பட்டி கட்டிய தோளை மற்றக் கையால் பிடித்தபடி எனக்கு முன்னால் நடந்து போய், "நான்தான் புவனேஸ்வரி. கேளுங்கோ" என்றாள்.